சங்கத்தோடு இரண்டு நாள் வெளியூரில்: சுற்றுலாவா? மஷூராவா?



கடந்த மாதம் அயலூர் வர்த்தகர் சங்கமொன்றின் இளம் செயலாளர் எனது புடவைக் கடைக்கு வந்திருந்தார். தேநீர் குடித்து முடிந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

"நானா, எங்கட சங்கத்து ஆக்களையும் ரெண்டு நாளைக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போக யோசிக்கிறோம். நீங்க போய் வந்த இடத்துட நம்பரத் தாங்க."

"நம்பர் கடைசியாத் தாறன் தம்பி. முதல்ல எதுக்குப் போறீங்கண்டு சொல்லுங்க."

தம்பி சிரித்தார். பதில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. 2017 இல் எங்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தபோது இதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். அன்று கேட்க ஆளில்லாமல் போனதால் சங்கத்தின் பணமும் போனது, இருந்த ஒற்றுமையிலும் கொஞ்சம் போனது. அந்தக் கதையையும், பின்னர் 2023 இல் அதே சங்கம் ஒழுங்காகச் சென்று வந்த கதையையும் இவ்வாரம் எழுதுகின்றேன். வதிவிட அமர்வு என்று இன்று எல்லா நிறுவனங்களும் பேசுகின்றன. சில்லறை வியாபாரிகளான நமக்கும் அது தேவைதான். ஆனால் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்.

முதல் பயணம்

2017 ஏப்ரல் மாதம். சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் முடிந்து எல்லோரும் களைத்திருந்த நேரம். "சங்கத்தைப் புதுப்பிக்க வேண்டும்" என்று நிருவாக சபையில் ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். புத்தாண்டுக்கு அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நுவரெலியா என்று முடிவானது. குடும்பங்களோடு இரண்டு பஸ்.

ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். சாதாரண நாட்களில் கேட்கும் வாடகையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். வீதியில் வாகனம் நகராது. இது ஊருக்கே தெரிந்த விஷயம், எங்களுக்கும் தெரியும். இருந்தும் போனோம். அறைகள் போதாமல் யாருக்கு வெந்நீர் உள்ள அறை, யாருக்கு இல்லாத அறை என்பதில் இரண்டு மூத்த உறுப்பினர்கள் முறுகிக்கொண்டார்கள். சனி இரவு கூட்டம் என்று போட்டிருந்தோம். பிரியாணி தாமதமானது, பிள்ளைகள் அழுதார்கள், கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது. ஞாயிறு காலை பூங்காவில் படம் பிடித்துக்கொண்டு திரும்பினோம். எழுதப்பட்ட தீர்மானம் ஒன்றுகூட இல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் செலவுக் கணக்கை வாசிக்கும்போது எனது குரல் எனக்கே கேட்கவில்லை.

குடும்பத்தோடு சுற்றுலா போவதில் பிழையில்லை. அதற்குச் சங்கத்தின் பணத்தை எடுத்து, அதற்கு ஆலோசனை என்று பெயர் வைத்ததுதான் பிழை.

2022 கொண்டுவந்த சோதனை

2022 இல் என்ன நடந்தது என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சாமான் தருவதை நிறுத்தினார்கள். பழைய பாக்கியை உடனே கேட்டார்கள். நாமோ ஊரில் கொடுத்த கடனை வாங்க முடியாமல் இருந்தோம்.

எங்கள் வீதியில் ஒருவருக்கொருவர் திகதி முன்போட்டுக் காசோலை கொடுத்து வியாபாரம் செய்வது நீண்ட கால வழக்கம். அந்த வருடம் காசோலைகள் திரும்பத் தொடங்கின. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றம். ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்கும் இருவர் சட்டத்தரணியைத் தேடிப் போகும் நிலை வந்தது. சங்கம் இரண்டாகப் பிரியும் என்று வெளிப்படையாகவே பேசினார்கள்.

மறைக்காமல் சொல்கின்றேன். திரும்பிய காசோலைகளில் ஒன்று என்னுடையது. எங்கள் சங்கத்தின் மூத்த மொத்த வியாபாரி ஒருவருக்கு நான் கொடுத்தது. 6 இலட்சம் ரூபாய். அதற்குப் பிறகு நான் அவருடைய கடை இருக்கும் பக்கமாக நடப்பதையே விட்டிருந்தேன்.

இந்த நிலையில்தான், எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும், ஊருக்குள் அது நடக்காது என்று தலைவர் தீர்மானித்தார். ஊருக்குள் கூட்டம் போட்டால் கோபம் வந்தவர் எழுந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். நூற்றைம்பது மைல் தள்ளியிருந்தால் போக முடியாது. வெளியூர் அமர்வின் முதல் பயன் இதுவே என்பது எனது அனுபவம்.

முதலில் கேள்வி, பிறகு இடம்

இம்முறை இடத்தைப் பற்றி ஒரு மாதம் யாரும் பேசவில்லை. தலைவரும் பொருளாளரும் ஒவ்வொரு உறுப்பினரையும் அவரவர் கடையில் போய்ச் சந்தித்தார்கள். ஒரே கேள்வி: "சங்கம் இந்த வருஷம் ஒரேயொரு காரியத்தைச் செய்யலாம் என்றால் எதைச் செய்ய வேண்டும்?" பதில்களைப் பெயரில்லாமல் ஒரு கொப்பியில் எழுதினார்கள். பெரும்பாலானவை இரண்டு விடயங்களில் வந்து நின்றன: உறுப்பினர்களுக்கிடையிலான கடன், புறக்கோட்டையில் சாமான் எடுப்பது. ஆகவே அமர்வுக்கு இரண்டே கேள்விகள். பள்ளிக்கூடத்துக்கு உதவி, வீதி விளக்கு, சங்கக் கட்டடத்துக்குப் பெயின்ட் எல்லாம் வழமையான கூட்டத்துக்கு விடப்பட்டன.

யார் வருவது என்பதும் கேள்வியைப் பொறுத்ததே. எங்கள் சங்கத்தில் எண்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். போனவர்கள் 22 பேர். நிருவாக சபையினர், கடன் கொடுத்தோரில் பெரியவர்கள், கடன்பட்டோரில் பெரியவர்கள், இளம் வியாபாரிகள் சிலர், சொந்தமாகக் கடை நடத்தும் பெண்கள் இருவர். அந்த இருவருக்கும் தனி அறைகள் ஒதுக்கினோம், ஒருவர் மகனோடு வந்தார். முடிவெடுக்க வேண்டிய ஒருவரை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து எல்லாவற்றையும் மீண்டும் பேச வேண்டி வரும்.

திகதி பார்ப்பது

வியாபாரிக்குத் திகதி பார்ப்பது சிறிய வேலையல்ல. நோன்பு ஹிஜ்ரிக் கணக்கில் வருடத்துக்கு 10, 11 நாட்கள் முன்னே வருகிறது. புடவைக்காரருக்கு நோன்புக்கு முந்திய வாரங்களிலிருந்தே வேலை. ஏப்ரல் புத்தாண்டு, ஹஜ்ஜுப் பெருநாள், டிசம்பர் மாதம் எல்லாம் கழிய வேண்டும். நவம்பர் 30 வருமான வரி அறிக்கைக்குக் கடைசி நாள், அந்த வாரம் யாருடைய புத்தி எங்கும் நிற்காது.

2023 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தினம் சனிக்கிழமை. 5 ஆம் திகதி ஞாயிறு நவம் போயா. இரண்டு நாளும் விடுமுறை, கடை மூடுவதால் நட்டம் குறைவு. நோன்புக்கு ஏழு வாரம் இருந்தது. மலைநாட்டில் மழை குறைந்த காலம். பிள்ளைகளுக்கு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் குடும்பங்களைக் கூட்டிவரும் பேச்சும் எழவில்லை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: போயா தினத்தில் இறைச்சிக் கடை திறக்காது. இறைச்சி முதல் நாளே சமையலறைக்கு வந்திருக்க வேண்டும்.

இடமும் பாதையும்

பண்டாரவளைக்கு அப்பால் ஒரு சாதாரண பயிற்சி நிலையத்தைத் தெரிவு செய்தோம். நட்சத்திர ஹோட்டல் அல்ல. எல்லா அறைகளும் ஒரே மாதிரி, ஆகவே அறைச் சண்டைக்கு இடமில்லை. ஒரு மண்டபம், சுவரில் காகிதம் ஒட்ட அனுமதி, தொழுவதற்கு ஒரு சுத்தமான அறை, போதிய தண்ணீர், ஜெனரேட்டர். தலைவரும் நானும் இரண்டு வாரம் முன்பே போய் ஓர் இரவு தங்கிப் பார்த்தோம். படத்தைப் பார்த்து முற்பணம் கட்டக்கூடாது. சமையலுக்கு எங்கள் ஊர்ச் சமையல்காரரையே கூட்டிச் சென்றோம். ஹலால் பற்றிய கேள்வியும் செலவும் ஒன்றாகத் தீர்ந்தன.

மலைநாட்டுக்குப் போகிறவர்கள் மழையையும் மண்சரிவையும் இலேசாக எண்ண வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டுப் பாதைகளை எப்படித் துண்டித்தது என்பதை நாடே பார்த்தது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அப்பக்கம் போவதைத் தவிர்ப்பது நல்லது. மற்ற மாதங்களிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தே பஸ் ஏற வேண்டும். கரையோரம் விருப்பமென்றால் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடாப் பக்கம் நல்ல வெயிலாக இருக்கும்.

காசு விஷயம்

இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை. செலவில் பாதியைச் சங்கமும் பாதியைப் போகிறவரும் போட்டோம். தன் சட்டைப்பையிலிருந்து பணம் கட்டியவர் கூட்டத்தில் தூங்கமாட்டார்.

விலை கேட்கும்போது கடைசித் தொகையைக் கேளுங்கள். ஹோட்டல்காரர் ஒரு இலட்சம் என்பார். அதன்மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம் போட்டால் 110,000. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். அதையும் சேர்த்த தொகைக்குமேல் போட்டால் 129,800. ஏறத்தாழ 30,000 ரூபாய் வித்தியாசம் பில் வரும்போதுதான் தெரியும். சிறிய இடங்களில் வற் இல்லாமலும் இருக்கலாம், எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது முற்பணம். 2019 ஏப்ரலுக்குப் பிறகும், 2020 கொரோனாவிலும், 2022 பெற்றோல் வரிசைக் காலத்திலும் எத்தனை பேருடைய முற்பணம் மாட்டிக்கொண்டது! "நாட்டு நிலைமையால் வர முடியாமல் போனால் வேறு திகதி தருவோம்" என்ற ஒரு வரி பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். எங்களுக்கு அது பஸ் டயர் ஒன்றுக்குப் போனது.

நடத்துபவர் வெளியாளாக இருக்கட்டும்

சபையைத் தலைவர் நடத்தினால் தலைவர் எதிலும் கருத்துச் சொல்ல முடியாது, சொன்னால் பக்கச்சார்பு என்பார்கள். செயலாளரான நானோ கடன்காரன். ஆகவே பக்கத்து நகரில் இளைப்பாறிய அதிபர் ஒருவரை அழைத்தோம். அவருக்கு எங்கள் வீதியில் கொடுக்கல் வாங்கலும் இல்லை, சம்பந்தமும் இல்லை. ஒரு கௌரவத் தொகை கொடுத்தோம். அவர் செய்ததெல்லாம் மூன்று காரியம்: ஒருவர் பேசும்போது மற்றவரைத் தடுப்பது, நேரம் பார்ப்பது, சொன்னதைச் சுவரில் எழுதுவது.

நாங்கள் புறப்பட்டது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு. பலாங்கொடையில் மஃரிபைத் தொழுது இரவு போய்ச் சேர்ந்தோம். அன்றிரவு சாப்பாடு மட்டும், பேச்சு இல்லை. சனி காலை எட்டரை முதல் பத்தரை வரை முதல் அமர்வு, பதினொரு மணி முதல் ளுஹர் வரை இரண்டாவது. சாப்பாட்டுக்குப் பின் ஓய்வு. அஸருக்குப் பிறகு நான்கு நான்கு பேராகப் பிரிந்து பேசினார்கள். இரவில் எதுவும் இல்லை. ஞாயிறு காலை தீர்மானங்கள் மட்டும். கைத்தொலைபேசிகள் ஒரு கூடையில். பகலில் அரை மணி நேரம் வீட்டுக்கும் கடைப் பையனுக்கும் பேசலாம்.

இடைவேளையைத் தாராளமாக விடுங்கள். அமெரிக்காவில் ஹரிசன் ஓவன் என்பவர் 1983 இல் பெரிய மாநாடு ஒன்றை மாதக்கணக்கில் உழைத்து நடத்தினார். முடிந்த பிறகு, வந்தவர்களுக்குப் பிடித்தது கோப்பி இடைவேளைதான் என்று தெரிந்துகொண்டார். பின்னர் அந்த இடைவேளையைப் போலவே கூட்டம் நடத்தும் முறையொன்றை உருவாக்கினார். எங்கள் அதிபருக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாது. ஆனால் தேநீர் நேரத்தை இருபது நிமிடத்துக்குக் குறைக்க அவர் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம்

முதல் அமர்வில் எண்கள் மட்டும் என்று விதி. யார் யாருக்கு எவ்வளவு என்று பெயரில்லாமல் துண்டுகளில் எழுதிக் கொடுத்தோம். அதிபர் கூட்டிச் சுவரில் எழுதினார். தொகையைப் பார்த்து மண்டபம் அமைதியானது. தனக்கு மட்டும் வர வேண்டும் என்று நினைத்த பலர் தாங்களும் கொடுக்க வேண்டியிருப்பதைக் கண்டார்கள். கடன் ஒரு சங்கிலி, நடுவில் ஒருவர் கொடுத்தால் மூன்று பேருடைய கணக்கு நகரும் என்பது அப்போதுதான் விளங்கியது.

வழக்குக்குப் போகவிருந்த இருவரையும் அதிபர் நேருக்கு நேர் உட்கார வைக்கவில்லை. ஒருவர் மண்டபத்தில், மற்றவர் தோட்டத்தில். ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் இரண்டு பக்கமும் நடந்தார். 1978 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் எகிப்தின் சாதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் கேம்ப் டேவிட்டில் 13 நாட்கள் வைத்திருந்தபோதும், முதல் சில நாட்களில் நேரடிப் பேச்சு கெட்டுப்போனதால், தாளைத் தூக்கிக்கொண்டு இருவரிடமும் மாறி மாறிப் போனார். அந்த உடன்படிக்கையைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் முறையில் பாடம் இருக்கிறது. கோபக்காரர் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட ஒரே தாளைப் பார்ப்பது இலகு.

என்னுடைய விஷயத்துக்குத் தாள் தேவைப்படவில்லை. தேநீர் நேரம். நான் கோப்பையோடு வெளியே நின்றேன். அந்த மூத்தவர் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்ட நின்றோம்.

"காசு இல்லாதது எனக்குத் தெரியும் தம்பி. எனக்குக் கோவம் காசுக்கு இல்ல. பேங்குக்குப் போட முந்தி ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருந்தா போதும். கடைக்கு முன்னால போகாம மத்தப் பக்கத்தால போனீங்களே, அதுதான்."

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. "பத்து மாசத்துல தாறன் நானா" என்றேன். "எழுதித் தாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் வியாபாரி, அப்படித்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் எடுத்த முதல் தீர்மானம் அவருடைய அந்த வார்த்தையிலிருந்து வந்தது: காசோலைக்குப் பணம் இல்லையென்றால் திகதிக்கு மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும், சொன்னவருடைய காசோலையை வங்கிக்குப் போடக்கூடாது.

திரும்பி வந்த பிறகு

வெளியூரில் எடுத்த தீர்மானம் ஊர் எல்லையில் காற்றோடு போவது வழமை. அதனால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதினோம்: யார் செய்வது, எந்தத் திகதிக்குள், எவ்வளவு செலவு. மூன்றும் எழுத முடியாதது தீர்மானம் அல்ல, ஆசை. மொத்தம் ஏழு தீர்மானங்கள், ஒரே பக்கம். பஸ் ஏறு முன் 22 பேரும் கையெழுத்திட்டார்கள். அந்த வாரமே வராத உறுப்பினர்களுக்கும் அதை வாசித்துக் காட்டினோம். நாற்பதாவது நாள் மீண்டும் கூடிப் பார்ப்பது என்றும் எழுதியிருந்தோம். அது நோன்புக்கு முந்திய வாரத்தில் வருவதைப் பிறகுதான் கண்டோம், ஒரு வாரம் முன்னே போட்டோம். அவ்வளவு திகதி பார்த்த எங்களுக்கே இப்படி.

ஏழில் ஐந்து நடந்தன. கடனுக்கு 45 நாள் எல்லை இன்றும் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது. இரண்டு நடக்கவில்லை. புறக்கோட்டையில் கூட்டாகச் சாமான் எடுக்கும் திட்டம் நான்கு மாதத்தில் நின்றது. ஒருவருக்கு வேண்டிய தரம் மற்றவருக்கு வேண்டாம், புடவையில் அது பெரிய பிரச்சினை. வழக்குக்குப் போகவிருந்த இருவரும் இன்று நண்பர்கள் அல்லர், ஆனால் வழக்கு இல்லை, கணக்கு முடிந்தது. சங்கம் பிரியவில்லை. என்னுடைய கடைசித் தவணையை அவ்வருடம் டிசம்பரில் கொடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவருடைய கடைக்கு முன்னால்தான் நடக்கின்றேன்.

அயலூர்த் தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது கடை மூடும் நேரமாகிவிட்டது. "அப்ப நானா, இடத்துட நம்பர்?" என்றார். கொடுக்கவில்லை. "உங்கட ஆக்கள ஒவ்வொருத்தரா கடையில போய்ப் பாருங்க. கேள்வி கிடைச்சதும் வாங்க, தாறன்" என்றேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். பதினேழு பேரைப் பார்த்து முடித்துவிட்டாராம். இன்னும் மீதியிருக்கிறது என்றார். நம்பரைக் கேட்கவில்லை.